இரண்டு கையாலும்

பிப்ரவரி 9

என் டிரைவர் மகளுக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. தபால்காரருக்கு என் காது சங்கதி தெரியும். கதவைத் தட்டாமல் ஜன்னல் வழியாக அடுப்படிக்குள்ளேயே போட்டுவிட்டுப் போனார். சோறு வெந்துகொண்டிருந்தது. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே உறையைக் கிழித்தேன். முதல் வரியைப் படித்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சோறு என்ன ஆனது என்று கேட்காதே. கஞ்சியாகக் குடித்தேன்.

"கரு நின்றிருக்கிறது, ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்துப் படித்து மடிப்பிலேயே காகிதம் விட்டுவிடும்போல இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரைக்குமாவது என்னை அனுப்பிய என் அப்பாவை நேற்றுத்தான் மனதாரக் கும்பிட்டேன்.

மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் ஆஸ்பத்திரியில் கரு வைத்து, நிற்காமல் போய், நீ ஒன்றுமே நடக்காத மாதிரி மறுவாரமே ஸ்டீயரிங் பிடிக்கப் போனாய். தினமும் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டு, அந்த வயிற்றோடு அத்தனை பெரிய பஸ்ஸைச் சந்தைத் தெரு வளைவில் திருப்பினவள் நீ. அந்த வளைவில் ஆண் டிரைவர்களே இரண்டு தடவை பின்னுக்கு எடுத்துத்தான் திருப்புவார்கள் என்று மாப்பிள்ளை சொன்னாரே, அதை நான் மறக்கவில்லை.

போனில் பேசலாம் என்று மாப்பிள்ளை மறுபடி சொல்லி அனுப்பியிருக்கிறார். போனைக் காதில் வைத்தால் எனக்குத் தறிச் சத்தம்தான் கேட்கும். அதைத்தான் ஷெட்டிலேயே தினமும் கேட்கிறேனே. அந்தக் கண்ணாடியில் தட்டி எழுதலாமென்றால் என் விரல் ஒரே அமுக்கில் மூன்று எழுத்தை அமுக்குகிறது. கடிதம் போதும். நீ எழுதினால் உன் கையெழுத்து வருகிறது, போனில் அது வருமா?

யாரிடமும் சொல்லாதே என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறாய். ஒரு கோடே போதும், எனக்குப் புரியும். ஸ்கேன் பார்க்கிற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன், சத்தியம்.

இப்படிக்கு,
பாட்டி

(எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.)


பிப்ரவரி 17

அம்மா,

நேற்று டெப்போவுக்கு ஒரு பார்சல் வந்தது. வெளியூர் பஸ் கண்டக்டர் கொண்டுவந்து கொடுத்தார்.

நேற்றுக் காலை இரண்டாவது நடை முடிந்து கழிப்பறைக்குப் போனேன். உள்ளாடையில் கறை. பழுப்பு நிறத்தில், ஒரு விரல் அகலம். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வெளியே என் கண்டக்டர் விசிலை ஊதிக்கொண்டே இருந்தார். கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தால், டைம்கீப்பர் மேஜையைச் சுற்றிக் கூட்டம். நடுவில் அவர் ஒரு வெள்ளைத் துணியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அதில் ஊசி குத்தி ஒரு சீட்டு. "டிரைவர் மகளின் குழந்தைக்கு, ஷெட் பெண்கள் எல்லாரும்" என்று எழுதியிருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள் அம்மா.

ஷெட் பெண்கள் எல்லாரும்.

நீ செய்த சத்தியம் எட்டு நாள்கூடத் தாங்கவில்லை. போன தடவை டெப்போவில் யாருக்கும் தெரியாது, அதனால் என்னால் மறுவாரமே வண்டி எடுக்க முடிந்தது. அது தைரியம் இல்லை. யாருக்கும் தெரியாது என்கிற ஒரு நிம்மதி. அதையும் இந்தத் தடவை நீ பிடுங்கிவிட்டாய்.

மருத்துவமனைக்குப் போன் செய்தேன். மருந்தை நிறுத்தாதே, சிவப்பாக வந்தாலோ வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே கிளம்பி வா, இல்லையென்றால் வெள்ளிக்கிழமை வா என்றார்கள்.

துணியை அதே கண்டக்டரிடம் திருப்பிக் கொடுத்தனுப்பிவிட்டேன். பதில் எழுத வேண்டாம்.

மகள்


பிப்ரவரி 20

மகளே,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். கோபத்தை என் மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கொட்டு, எனக்குக் காதும் கேட்காது, உனக்கு வசதிதான்.

கறை எப்படி இருக்கிறது? பழுப்பாகவே இருக்கிறதா? அதை முதலில் எழுது. மற்றதெல்லாம் அப்புறம்.

நடந்தது இதுதான். நான் வாயைத் திறக்கவில்லை. அது உண்மை. உனக்குத்தான் தெரியுமே, தறி ஓடும்போது ஷெட்டில் வாயால் பேசி என்ன பிரயோஜனம். எல்லாமே கைதான். உன் கடிதம் வந்த மறுநாள் என் முகம் ஒரு தினுசாக இருந்திருக்கிறது. எதிர்த்தறி அக்கா என்ன என்று புருவத்தைத் தூக்கினாள். ஒன்றுமில்லை என்றேன். மறுபடி தூக்கினாள். சரி, இவள் ஒருத்திக்குத்தானே என்று, ஸ்டீயரிங் பிடித்துக் காட்டி, அப்புறம் கையைத் தொட்டில் மாதிரி வைத்து ஒரே ஒரு ஆட்டு ஆட்டினேன். அவ்வளவுதான்.

அவளுக்கு மட்டும்தான் சொன்னேன். ஆனால் காதில் சொன்னால்தான் ஒருத்திக்கு மட்டும் போகும். கையால் சொன்னால் அந்த வரிசை முழுக்கப் பார்க்கும் என்பது, இத்தனை வருஷம் அங்கேயே நின்று தேய்ந்தவளுக்கு அந்த நிமிஷம் தோன்றவில்லை பார். நான் திரும்பினபோது ஷெட்டின் அந்தக் கோடிவரைக்கும் எல்லாக் கையும் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தது. மேஸ்திரிகூட ஆட்டினார்.

அந்தத் துணி விஷயம் எனக்குத் தெரியாது. ஒரு தறியில் பாவு முடிகிறபோது கடைசியில் கொஞ்சம் நூல் மிஞ்சும் இல்லையா, அதில் ஆளுக்குக் கொஞ்ச நேரம் நின்று நெய்திருக்கிறார்கள். எனக்குத் தெரியக்கூடாது என்று நான் தண்ணீர் குடிக்கப் போகிற நேரமாகப் பார்த்து நெய்தார்களாம். பார்சல் திரும்பி வந்தபோதுதான் பார்த்தேன். எதிர்த்தறி அக்கா அதை மடித்துத் தன் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். அவளுக்கும் மனசு வலித்திருக்கும். அவளும் ஒரு நல்ல எண்ணத்தில்தானே செய்தாள். இதை எழுதாமல் விட எனக்கு மனசு வரவில்லை, கோபித்தாலும் கோபித்துக்கொள்.

உன் கடிதத்தை ஷெட்டில் வைத்துப் பிரித்தது என் தப்பு, பின்னால் நின்று படித்துவிட்டார்கள். மத்தியானம் தறி நின்றதும் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். ஒருத்தி, "அந்த மருந்துதான் உடம்புக்குச் சூடு, நிறுத்தச் சொல்லுங்க, தானா நின்னுடும்" என்றாள். இன்னொருத்தி காலைத் தூக்கிச் சுவரில் வைத்துப் படுக்கச் சொன்னாள், பிள்ளை பிறக்கிற வரைக்கும். உதட்டைப் பார்த்தே எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எம் பொண்ணு டாக்டர்கிட்ட காட்டிக்கிட்டிருக்கா, நீங்க தறியைப் பாருங்க" என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன்போல, வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். ஆனாலும் அந்த மருந்து விஷயம் மனதில் முள்ளாகக் குத்துகிறது. டாக்டரிடம் கேட்டு எழுது.

நேற்றுப் பையை எடுத்துக்கொண்டு பஸ் நிலையம் வரைக்கும் வந்தேன். நீ வா என்று சொல்லவில்லையே என்று திரும்பிவிட்டேன். உன் ரூட் நம்பர் போட்ட பஸ் எங்கள் ஊர் நிலையத்திலும் ஒன்று நிற்கிறது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா

(பாட்டி என்று போடவில்லை. நீ சொல்லும்போது போடுகிறேன்.)


பிப்ரவரி 23

அம்மா,

முதலில் நீ கேட்டது. பழுப்புதான். சில நாள் வருகிறது, சில நாள் இல்லை. துடைக்கிற காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பார்த்து எனக்கு இப்போது பழுப்பில் எத்தனையோ பழுப்பு தெரியும். டீத்தூள் பழுப்பு, துருப் பழுப்பு, நனைந்த அட்டைப் பெட்டிப் பழுப்பு. கழிப்பறைக்குப் போகவே பயமாக இருக்கிறது. போகாமல் இருக்கவும் பயமாக இருக்கிறது. உன் மாப்பிள்ளை வாசலில் நின்று, "என்ன, என்ன" என்று கேட்கிறார். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற மனுஷன், எத்தனையோ மாடி உயரத்தில் கம்பியைப் பிடித்துத் தொங்குவார். இந்தக் கதவுக்கு வெளியே நிற்கத்தான் அவருக்கு நிலைக்கட்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஸ்கேன் பார்த்தார்கள். கரு இருக்கிற பை கருப்பையில் சரியான இடத்தில் இருக்கிறது. பக்கத்தில் கொஞ்சம் ரத்தம் தேங்கியிருக்கிறது, அதுதான் பழசாகிப் பழுப்பாக வருகிறதாம். உள்ளே வைக்கிற மாத்திரை உரசினாலும் கொஞ்சம் கறை வருமாம். சிகிச்சை எடுத்து உண்டானவர்களில் நிறையப் பேருக்கு இப்படி வருகிறது, பாதிக்கு மேல் நல்லபடியாகவே போகும் என்றார் டாக்டர். "போகும்" என்றுதான் சொன்னார், "போய்விடும்" என்று சொல்லவில்லை. அவர் எந்த வார்த்தையைச் சொன்னார், எதைச் சொல்லவில்லை என்றுதான் வீடு வருகிற வரைக்கும் யோசித்துக்கொண்டு வந்தேன்.

இதயத் துடிப்பு இன்னும் தெரியவில்லை. பார்க்க இன்னும் நாள் இருக்கிறதாம். மார்ச் நான்காம் தேதி மறுபடி பார்ப்பார்கள்.

அந்த மருந்தை நாமாக நிறுத்தவே கூடாது என்று அழுத்திச் சொன்னார். முள்ளைப் பிடுங்கிப் போடு. படுத்தே கிடந்தால் கரு நிற்கும் என்பதும் கிடையாதாம். கனம் தூக்காமல், சாதாரணமாக நடமாடலாம். அதனால் சுவரில் காலை வைத்துப் படுக்கச் சொன்ன அந்த அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

டெப்போவில் என்னைத் தொலைந்த பொருள் அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். மேனேஜர் முகத்தைப் பார்க்காமல், "கொஞ்ச நாள் உட்கார்ந்த வேலை பாருங்கம்மா" என்றார். உன் பார்சலால் வந்த ஒரே நன்மை இது. பஸ்ஸில் மறந்துவிட்டுப் போன குடைகள், ஒற்றைச் செருப்புகள், ஒரு பல்செட். பல்செட்டைத் தேடி இன்னும் யாரும் வரவில்லை. எப்படிச் சாப்பிடுகிறாரோ. எல்லாப் பொருளிலும் ஒரு அட்டையைக் கட்டி அலமாரியில் வைக்கிறேன். யாராவது வந்து என்னுடையது என்று கேட்டால் அவ்வளவு சந்தோஷமாக எடுத்துக் கொடுக்கிறேன்.

வராதே அம்மா. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். இது போய்விட்டால் என்னால் தாங்க முடியும், தாங்கித்தான் பழக்கம். ஆனால் அதற்கப்புறம் நீ ஷெட்டுக்குப் போவாயே. சின்ன வயதில் வாசல் கேட்டில் நின்று உன் ஜாடையெல்லாம் கற்றுக்கொண்டவள்தானே நான். இழை அறுந்துவிட்டது என்று சொல்ல இரண்டு விரலைச் சேர்த்து வைத்துப் பிரித்துக் காட்டுவீர்கள். போன தடவையும் அதற்கு முந்தின தடவையும் அதைத்தான் தறிக்குத் தறி காட்டியிருப்பாய். ஸ்டீயரிங், தொட்டில், அப்புறம் இரண்டு விரல். அது என் கண்ணில் வந்து நிற்கிறது. ரத்தத்தைப் பார்த்துக்கூட நான் அழவில்லை, இதை நினைத்து அழுதேன்.

மகள்


பிப்ரவரி 27

மகளே,

உன் கடிதத்தை ஷெட்டுக்குக் கொண்டுபோகவில்லை. வீட்டில் வைத்துத்தான் படித்தேன்.

நான் காட்டவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதல் தடவை போனபோது நான் ஷெட்டுக்குள் நுழைந்தேன். கை எழவில்லை. எதிர்த்தறி அக்கா என் முகத்தைப் பார்த்தாள். புருவத்தைத் தூக்கவில்லை. வந்து என் தோளைப் பிடித்து நூல் பெட்டி மேல் உட்கார வைத்துவிட்டு, தன் தறியையும் என் தறியையும் சேர்த்து அவளே ஓட்டினாள், அன்று பூராவும். இரண்டாம் தடவையும் அப்படித்தான். ஒரு தொட்டிலும் ஆடவில்லை, ஒரு விரலும் பிரியவில்லை. யாரும் எதையும் கேட்கவில்லை. உன் பேர் சொல்லி இரக்கப்பட அங்கே யாருக்கும் நான் இடம் கொடுத்ததில்லை. நீ பார்க்காததை நீயே படம் போட்டுக்கொண்டு அழுதிருக்கிறாய். அழுதது அழுததுதான், இனிமேல் அந்தப் படத்தைக் கழற்றி எறி.

இன்னொன்று. நான் குழந்தைக்காகத்தான் பெருமையடித்தேன் என்று நினைக்கிறாய். குழந்தை வந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஸ்டீயரிங் ஜாடை ஷெட்டுக்கு வந்து எத்தனை வருஷம்? உனக்கு லைசென்ஸ் கிடைத்த அன்றைக்கு வந்தது. மற்ற யாருடைய பிள்ளைக்கும் அங்கே தனி ஜாடை கிடையாது, மேஸ்திரி பையன் இன்ஜினியர், அவனுக்கே கிடையாது. சீட்டில் உட்கார்ந்து கால் எட்டாமல், குஷன் வைத்துக்கொண்டு ஓட்டிப் பழகினவள். டெஸ்டில் இரண்டு தடவை தள்ளிவிட்டார்கள், மூன்றாம் தடவையும் போனாய். இதற்கும் அப்படித்தான் போயிருக்கிறாய். யாருக்கும் தெரியாததால்தான் வண்டி எடுத்தேன், அது தைரியமில்லை என்று எழுதியிருக்கிறாயே, ஒருத்திக்கும் தெரியாமல் அத்தனையையும் நீ ஒருத்தியாகவே சுமந்துகொண்டு ஓட்டினாயே, அதற்கு வேறு என்ன பேர் வைப்பது? இது நிற்கட்டும், நிற்காமல் போகட்டும். அந்த ஸ்டீயரிங்கை நான் கீழே இறக்க மாட்டேன்.

ஷெட்டில் சொல்லிவிட்டேன், என் மகளைப் பற்றி என்னிடம் யாரும் கேட்கக்கூடாது என்று. சரியென்றார்கள். கேட்காமல் இருக்க அவர்கள் படுகிற பாட்டைப் பார்க்க எனக்கே பாவமாக இருக்கிறது. மேஸ்திரி என்னைப் பார்த்தாலே கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுகிறார்.

வராதே என்றாய். சரி. பை கட்டினபடியே கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவிழ்க்கவில்லை.

பல்செட் ஆசாமி வந்தாரா?

அம்மா


மார்ச் 3

அம்மா,

இதை வெளியூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவரே ஷெட் வாசலில் இறங்கி உன் கையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இன்று காலையில் சிவப்பாக வந்துவிட்டது. நிறைய. தொலைந்த பொருள் அறையில்தான் இருந்தேன், குடைக்கு அட்டை கட்டிக்கொண்டிருந்தேன். டெப்போவே ஜீப் கொடுத்தது. டைம்கீப்பர் கூடவே வந்தார், பாவம், வழி முழுக்க அன்றைக்குத் துணியை விரித்ததற்கு இன்றைக்குத் தண்டனை அனுபவிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மருத்துவமனையில் வைத்துக்கொண்டார்கள். வலி இல்லை. இப்போது குறைந்திருக்கிறது. ஸ்கேன் நாளைக் காலை. உன் மாப்பிள்ளை வந்துவிட்டார், என் கையைப் பிடித்துக்கொண்டே இருக்கிறார், எழுதுவதற்காகத்தான் கொஞ்சம் விடுவித்துக்கொண்டேன்.

பை கட்டித்தானே இருக்கிறது.

வா.

மகள்


மார்ச் 9

என் டிரைவர் மகளுக்கு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். வருகிற வழியில் டிரைவர் வளைவிலெல்லாம் தூக்கித் தூக்கிப் போட்டான். எம் பொண்ணு ஓட்டுறதைப் போய்ப் பாருப்பா என்று இறங்கும்போது சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

நேரில் பேசத் தெரியாதவள் நான், உனக்குத் தெரியும். அதனால் அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

அன்று காலை ஸ்கேன் அறைக்குள் ஒருத்தர்தான் கூட வரலாம் என்றார்கள். மாப்பிள்ளை எழுந்து, "நீங்க போங்க அத்தை" என்றார். நான் அவரைப் பிடித்து உள்ளே தள்ளினேன். அவர் முகத்தைப் பார்த்தால் வெளியே விட்டால் விழுந்துவிடுவார் போல இருந்தது. நான் நடையில் நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிரே கதவு. கதவில் கண்ணாடி, உள்ளே பாதி திரை. ஆட்கள் போகிறார்கள் வருகிறார்கள், எல்லாருடைய உதடும் அசைகிறது. யார் உன்னைப் பற்றிப் பேசுகிறார்கள், யார் டீயைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. காது போனதை நான் ஒரு நாளும் குறையாக நினைத்ததில்லை. அன்றைக்கு நினைத்தேன்.

அப்புறம் ஒரு நர்ஸ் வெளியே வருவதற்குத் திரையை விலக்கினாள். நீ படுத்துக்கொண்டிருந்தாய். உன் முகம் எனக்குத் தெரியவில்லை, அந்த மெஷின் மறைத்தது. உன் இரண்டு கை மட்டும் மேலே எழுந்தது. இரண்டு முஷ்டியும் முன்னும் பின்னும், முன்னும் பின்னும்.

தறி ஓடுகிறது.

அந்த ஜாடையை நான் எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன். அன்றைக்கு அதைப் பார்த்து நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டேன். நர்ஸ் என்னவோ கேட்டாள், தண்ணீர் வேண்டுமா என்றிருக்கும். நானும் அவளுக்கு முஷ்டியை ஆட்டிக் காட்டினேன். பயந்துபோய்விட்டாள்.

ரத்தம் இன்னும் கொஞ்ச நாள் வந்துதான் நிற்கும் என்று டாக்டர் காகிதத்தில் எழுதிக் காட்டினாரே, அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நல்ல மனுஷன். கையெழுத்துத்தான் என்னுடையதைவிட மோசம்.

நேற்று வேலைக்குப் போனேன். நான் ஊருக்குப் போனதும் எதற்குப் போனேன் என்பதும் எல்லாருக்கும் தெரியும், கண்டக்டர்தான் வாசலில் வந்து நின்றாரே. உள்ளே நுழைந்ததும் அத்தனை கண்ணும் என் கை மேல். நூற்றுக்கணக்கில் கண். ஒருத்தியும் புருவத்தைத் தூக்கவில்லை. நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வாசலிலிருந்து என் தறிவரைக்கும் அப்படியே நடந்தேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கட்டச் சொன்னபோதுகூட நான் அவ்வளவு இறுக்கிக் கட்டினதில்லை. தறிக்குப் போனதும் நூலைப் பிடித்தேன், வேலையைப் பார்த்தேன். சாயங்காலம் வரைக்கும் ஒரு ஜாடைகூடப் போடவில்லை. இழை அறுந்தபோதுகூட நானே போய் மேஸ்திரியின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

இந்தத் தடவை சேதி உன்னுடையது. நீ சொல் என்கிற வரைக்கும் என் கை அவிழாது.

அம்மா


ஏப்ரல் 18

அம்மா,

இத்தனை நாள் எழுதவில்லை. எழுதினால் ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒரு முட்டாள்தனம். உன் மாப்பிள்ளை போஸ்ட் கார்டில் "நலம்" என்று மட்டும் எழுதிப் போட்டது கிடைத்திருக்கும். அதையும் நான் சொல்லித்தான் ஒரே வார்த்தையாக எழுதினார், மனுஷனுக்கு இரண்டு பக்கம் எழுத ஆசை.

கறை சிவப்பிலிருந்து பழுப்பாகி, பழுப்பிலிருந்து வெளுத்து, ஒரு நாள் இல்லை. மறுநாளும் இல்லை. நான் நம்பவில்லை. இப்போதும் கழிப்பறைக்குப் போனால் முதலில் காகிதத்தைத்தான் பார்க்கிறேன். கடைசி வரைக்கும் பார்ப்பேன் என்று நினைக்கிறேன். பரவாயில்லை, கண்ணாடியைப் பார்க்காமல் எந்த டிரைவரும் வண்டியை எடுப்பதில்லை.

நேற்று ஸ்கேன். தேங்கியிருந்த ரத்தம் சுத்தமாக வற்றிவிட்டது. இனிமேல் எங்களிடம் வர வேண்டாம், மற்றவர்கள் போகிற சாதாரணப் பிரசவ ஆஸ்பத்திரிக்கே போகலாம் என்றார் டாக்டர். சாதாரண என்கிற வார்த்தையை யாரும் இவ்வளவு அழகாகச் சொல்லிக் கேட்டதில்லை. மருந்தையும் அவரே படிப்படியாக நிறுத்தச் சொல்லிவிட்டார்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீ வந்திருந்த அன்றைக்கு அந்த அறையில் நான் துடிப்பைக் காதால் கேட்கவில்லை. அவ்வளவு சீக்கிரம் சத்தம் வைக்க மாட்டார்களாம். திரையில் ஒரு புள்ளி மட்டும் மின்னி மின்னி அசைந்தது, அவ்வளவுதான். பார்க்கத்தான் முடியும். உனக்கு எந்த நஷ்டமும் இல்லை, என்ன பார்த்தேனோ அதைத்தான் கையால் காட்டினேன். உன் மாப்பிள்ளை அழுதுகொண்டிருந்தார், டாக்டர் என்னவோ விளக்கிக்கொண்டிருந்தார். உன்னிடம்தான் முதலில் சொன்னேன்.

பல்செட் ஆசாமி வந்தார். ஆசாமி இல்லை, ஒரு அம்மா. தன் பல்லைப் பார்த்ததும் அங்கேயே போட்டுக்கொண்டு எனக்கு ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

அந்த வெள்ளைத் துணி எதிர்த்தறி பெரியம்மாவிடம்தானே இருக்கிறது? அதைத் திருப்பி அனுப்பியது தப்பு. டெப்போ முகவரிக்கே அனுப்பச் சொல். டைம்கீப்பர் விரிக்கட்டும். அந்தச் சீட்டையும் குத்தியே அனுப்பச் சொல்.

இன்னும் பாதித் தூரத்துக்கு மேல் இருக்கிறது, எனக்குத் தெரியும். இருந்தாலும் நீ இவ்வளவு நாள் கட்டிவைத்தது போதும். ஷெட்டின் நடுவில் போய் நில். மறைக்காமல், எல்லாரும் பார்க்கிற மாதிரி, இரண்டு கையாலும் சொல், பாட்டி.

உன் டிரைவர் மகள்


ஏப்ரல் 22

என் டிரைவர் மகளுக்கு,

சொல்லிவிட்டேன்.

நீ எழுதினபடியே நடுவில் போய் நின்றேன். தரையில் நின்றால் கோடித் தறிக்காரிக்குத் தெரியாது என்று நூல் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறினேன். மேஸ்திரி ஓடிவந்து, தடுப்பார் என்று பார்த்தால், பெட்டி ஆடாமல் பிடித்துக்கொண்டார். ஸ்டீயரிங்கை நன்றாகப் பெரிதாகப் பிடித்தேன், உன்னுடையது பெரிய பஸ் இல்லையா. ஒரு வளைவு வளைத்தேன். அப்புறம் தொட்டில். அப்புறம் தறி ஓடுகிறது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எதிர்த்தறி அக்கா கையை அலுப்பாக ஆட்டினாள். தெரியும் என்றாள். அடுத்த தறிக்காரியும் தெரியும் என்றாள். அந்தக் கோடிவரைக்கும் தெரியும், தெரியும் என்று கை ஆடிற்று. மத்தியானம் கேட்டால், நான் கையைக் கட்டிக்கொண்டு நடந்துவந்தேனே, அன்றைக்கே தெரியுமாம். "கெட்ட சேதின்னா உனக்குக் கை தானா தொங்கும். அன்னிக்கு நீ அதைக் கட்டிவைக்க வேண்டியிருந்துச்சே" என்றாள் அக்கா. இத்தனை நாளும் எனக்காகத் தெரியாத மாதிரி இருந்திருக்கிறார்கள்.

தெரிந்தால் என்ன. பெட்டியிலிருந்து இறங்கவில்லை. திரும்ப ஒரு தடவை முதலிலிருந்து சொன்னேன்.

துணி நாளைக் காலை பஸ்ஸில் வருகிறது.

இப்படிக்கு,
பாட்டி